குறுக்கு பெல்ட்டும் ஒற்றைச் சேலையும்

தம்பி,

நீயும் அந்தப் பிள்ளையும் கோலாலம்பூருக்குத் திரும்பிப் போனதிலிருந்து இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன். நேரில் சொல்லியிருக்கலாம். சொன்னால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்தத் தைரியம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் குறைவு. உனக்குப் பேசியிருக்கும் பெண் நல்ல பிள்ளை. அன்றைக்கு நம் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தனம் அத்தை சுட்டுப் போட்ட தோசையைத் தின்றுகொண்டே கேட்டாளே, "ஏன் இவங்க கல்யாணமே பண்ணிக்கல?" என்று, அதில் ஒரு களங்கமும் இல்லை. நீ உடனே, "எங்க அத்தைக்கு எந்த மாப்பிள்ளையும் சரிப்படல" என்று சிரித்தாய். தனமும் தோசைக்கரண்டியை ஆட்டிக்கொண்டு சிரித்தாள். நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நீ பின்னாலேயே வந்து என்னம்மா என்று கேட்டதற்குத் தலைவலி என்றேன். தலைவலி இல்லை, தம்பி. வெட்கம். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இரண்டு பேர். ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி ஓடிப்போய்க் குழாயடியில் நின்றாள்.

உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில் தனம்தான் உனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவருவாள். வெயிலில் நடந்து, வேலிப் பக்கத்தில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். ஒரு நாள் உன் கூட்டாளிகள் அது யார் என்று கேட்டதற்கு, வீட்டு வேலைக்காரி என்று சொல்லிவிட்டாய். அவள் காதிலும் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். சின்னப் பிள்ளை, ஏதோ சொன்னான் என்று நானும் சிரித்தேன். உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. நான் எப்படிக் கண்டிப்பது? கூட இருப்பவளைக் கண்டு வெட்கப்படுவதை நீ என் மடியில் இருந்தே படித்திருக்க வேண்டும். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வரப்போகிறாள். வீட்டில் இல்லாத ஒன்றை இல்லை என்று வெளியில் சொல்ல இருவருமே கூச வேண்டாம். இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஏன் சொல்கிறேன் என்பது பிறகு உனக்கே விளங்கும்.

உன் அப்பா இங்கே நம் காஜா பேராங்கில் ஒரு சலவைக் கொட்டகையில் இஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பது உனக்குத் தெரியும். அது ஒரு சீன முதலாளி, தவுக்கேயுடையது. பண்டார் ஹிலிர் பக்கத்து ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளெல்லாம் அங்கேதான் வெளுக்கும். ஜப்பான்காரர்கள் வந்ததும் தவுக்கே ஓடிப்போனார். ராணுவம் கொட்டகையை எடுத்துக்கொண்டு தங்கள் துணிகளைத் துவைக்கத் தொடங்கியது. உன் அப்பாவை அங்கேயே வைத்திருந்தார்கள். பிறகு ஒரு நாள், வேலை முடிந்து வந்துகொண்டிருந்தவரை வழியில் லாரியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், இஞ்சின் தெரிந்த ஆள் வேண்டும் என்று சொன்னதாகப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். நீ அப்போது கைக்குழந்தை. வீட்டில் நான், நீ, உன் அப்பாவின் தங்கை தனம். அவளுக்கு யுத்தத்துக்கு முன்பே மாப்பிள்ளை பேசி, வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. இதே தெருவில் நாகம்மாக்காவின் மூத்த மகன். அமைதியான பையன். அண்ணன் சயாமிலிருந்து வரட்டும், வந்ததும் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தோம்.

உன் அப்பாவுக்குத் தெரிந்த ராமையா அண்ணன் அந்தக் கொட்டகையில் மெக்கானிக்காக இருந்தார். அவர் சொல்லி அங்கே எனக்கு ஒரு வேலை கிடைத்தது. கூலியாக அரிசி தருவார்கள். வேலை கிடைத்த சந்தோஷம் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் போய்விட்டது. காரணம் சேலை. துணி என்பது ஊரிலேயே இல்லாமல் போயிருந்த காலம். அரிசிக்கும் உனக்குப் பால்மாவுக்கும் என் சேலைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. தனத்தின் கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்ததும் போயிற்று. கடைசியில் எங்கள் இரண்டு பேருக்குமாக மிஞ்சியது ஒரே ஒரு நூல் சேலை. ஒருத்தி அதைக் கட்டிக்கொண்டு வெளியே போனால், மற்றவள் கோணிப்பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு உள்ளே இருப்பாள். இடுப்பில் இன்னொரு சாக்கைச் சுற்றிக்கொள்வாள். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. ஊரில் ஆண்கள் பலர் சாக்கோடுதான் திரிந்தார்கள். ஆனால் நிச்சயமான ஒரு வயசுப் பெண் அப்படித் தெருவில் இறங்க முடியாது. யாராவது கதவைத் தட்டினால் சாக்கில் இருப்பவள் மறைப்புத் தட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். இதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது.

அந்த ஒரு வேலையை நாங்கள் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டோம். காலையில் நான் போவேன். உச்சிவேளைச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடிவந்து சேலையை அவிழ்த்துத் தனத்திடம் கொடுத்துவிட்டு உனக்குப் பால் கொடுக்க உட்காருவேன். அவள் என் உடம்புச் சூடு ஆறாத சேலையைக் கட்டிக்கொண்டு ஓடுவாள். கொட்டகையில் இருந்தவர்களுக்குத் தெரியும், காட்டிக்கொடுக்கவில்லை. மேற்பார்வைக்கு இருந்த ஜப்பான்காரனுக்கு எங்கள் முகமெல்லாம் ஒன்றுதான். அவன் சேலையைத்தான் பார்த்தான். அதே சேலை நின்றால் அதே பொம்பளை.

எங்களுக்குக் கொடுத்த வேலை என்ன என்று சொல்கிறேன். மிஷின் படித்தவன் நீ, சிரிக்காதே. கொட்டகையில் ஒரு பெரிய மரப் பீப்பாய் படுத்த வாக்கில் கிடக்கும். துணியும் வெந்நீரும் சாம்பல் காரமும் போட்டு மூடினால் அது சுற்றிச் சுற்றித் துவைக்கும். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் துணியெல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கயிறாகிவிடும், கிழிந்தும் போகும். அதனால் கொஞ்ச நேரம் இந்தப் பக்கம், கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். ஆனால் இஞ்சின் ஒரு பக்கம்தான் சுற்றும். இந்தக் காலத்தில் ஒரு பொத்தானை அமுக்கினால் மோட்டார் திரும்பிச் சுற்றும் என்று நீ ஒருமுறை சொன்னாய். அன்றைக்கு அதற்கு இரண்டு பெல்ட்டுகள் இருந்தன. இஞ்சின் சுற்றிவிடும் இரும்புத் தண்டு கூரைக்குக் கீழே நீளமாக ஓடும். அதிலிருந்து ஒரு பெல்ட் நேராகப் பீப்பாய்க்கு இறங்கும். இன்னொன்று நடுவில் ஒரு முறுக்கு முறுக்கி, எட்டு எழுதியதுபோல் குறுக்காக இறங்கும். நேர் பெல்ட் இழுத்தால் பீப்பாயும் தண்டு சுற்றும் பக்கமே சுற்றும், குறுக்கு பெல்ட் இழுத்தால் எதிர்ப்பக்கம். பீப்பாயின் அச்சில் மூன்று சக்கரங்கள். நடுவில் இருப்பதுதான் பீப்பாயைச் சுழற்றும், ஓரத்து இரண்டும் சும்மா சுழலும். ஒரு மரப்பிடியைத் தள்ளினால் நேர் பெல்ட் நடுச் சக்கரத்தில் ஏறும். இழுத்தால் அது விலகிக் குறுக்கு பெல்ட் ஏறும். நடுவில் நிறுத்தினால் எல்லாம் ஓரத்தில் சும்மா ஓட, பீப்பாய் நிற்கும். அந்த மரப்பிடியைத் தள்ளுவதும் இழுப்பதும்தான் எங்கள் வேலை. எப்போது மாற்றுவது என்பதைப் பீப்பாய்க்குள் துணி விழும் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வோம். தனம் என்னைவிட நன்றாகத் தெரிந்துகொள்வாள்.

நேர் பெல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. குறுக்கு பெல்ட் அப்படியில்லை. முறுக்கிய இடத்தில் அதன் ஒரு பக்கம் மறு பக்கத்தோடு உரசிக்கொண்டே ஓடும். நாளாக நாளாக அதன் தோல் தேய்ந்து மெலிந்துகொண்டே வந்தது. புதிதாக வாங்க எங்கேயும் கிடைக்கவில்லை. ராமையா அண்ணன் மெழுகு தடவினார், தேங்காயெண்ணெய் தடவினார். ஒரு நாள் காலையில் நான் பிடியை இழுத்த நேரத்தில் அது படாரென்று அறுந்து சாட்டைபோலச் சுழன்று என் தோளை உரசிக்கொண்டு போய் விழுந்தது. நான் பயந்துபோய்ப் பிடியை நடுவில் நிறுத்தினேன். பீப்பாய் நின்றது. உடனே அந்த ஜப்பான்காரன் ஓடிவந்து கத்தினான். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அதிகாரிகளின் சட்டைகள் அதற்குள் இருந்தன, அன்றைக்கே போக வேண்டும். அறுந்ததை அவன் பார்க்கவில்லை. நின்றுபோனதைத்தான் பார்த்தான். ஓட்டு ஓட்டு என்று கையை ஆட்டினான். நான் நேர் பெல்ட்டில் போட்டேன். அது ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. மூடியைத் திறந்தபோது சட்டைகள் எல்லாம் சேர்ந்து ஒரு மலைப்பாம்பாகிக் கிடந்தன. பிரித்தால் கை தனியாக, கழுத்து தனியாகக் கிழிந்து வந்தது.

வேண்டுமென்றே செய்தேன் என்று அவன் நினைத்தான். கன்னத்தில் அறைந்தான். திருப்பியும் அறைந்தான். அந்த ஈரத் துணிக் கயிற்றை என் தலைக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்கவைத்து, கொட்டகை முற்றத்தில், தெருவைப் பார்த்தாற்போல் வெயிலில் நிறுத்தினான். பெல்ட் அறுந்தது என்று மலாயில் சொல்ல இரண்டே இரண்டு சொல் போதும். எனக்குத் தெரிந்த சொற்கள்தான். அடி விழுந்ததும் வாய் கட்டிக்கொண்டது. ராமையா அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு இஞ்சின் பக்கம் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். சாப்பாட்டு நேரம் வந்து கடந்து போயிற்று. வீட்டில் நீ பாலுக்கு அழுதுகொண்டிருப்பாய் என்று மார்பு கனத்துச் சேலை நனைந்தபோதுதான் எனக்கு நேரம் தெரிந்தது.

வீட்டில் தனம் வாசல் கதவு இடுக்கு வழியாக நான் வருகிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நீ வீறிட்டு அழுதிருக்கிறாய். அப்போது பாசாருக்குச் சாமான் வாங்கப் போய்த் திரும்பிய யாரோ ஒருவர் தெருவிலிருந்தே, "உங்க அண்ணிய வெயில்ல நிக்க வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவ்வளவுதான். சாக்கோடு, உன்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நட்ட நடுப் பகலில் காஜா பேராங் தெருவில் இறங்கி நடந்து வந்துவிட்டாள்.

அவள் வருவதை நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். தம்பி, இதைத்தான் எழுத முடியாமல் இத்தனை நாள் எழுந்து எழுந்து போனேன். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? ஐயோ, எனக்காக வருகிறாளே என்று தோன்றியிருக்க வேண்டும். அப்படித் தோன்றவில்லை. ஐயோ, இப்படியா வருவாள், எல்லோரும் பார்க்கிறார்களே, இவள் திரும்பிப் போய்விட மாட்டாளா என்றுதான் தோன்றியது. அறை வாங்கி வெயிலில் நின்றதைவிட, சாக்குக்குக் கீழே தெரிந்த அவள் கால்கள் எனக்கு அதிக அவமானமாக இருந்தன. நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் நேராக என்னிடம் வந்து, உன்னை என் காலடியில், என் நிழல் விழுந்திருந்த இடத்தில் உட்காரவைத்தாள். நீ என் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டாய்.

"என்ன அண்ணி, என்ன ஆச்சு?" என்றாள்.

"குறுக்கு பெல்ட்டு அறுந்துபோச்சு" என்றேன். அவள் பக்கம் திரும்பவில்லை.

"அவங்கிட்ட சொன்னியா?"

அவள் கொட்டகைக்குள் போனாள். ஆண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சிலர் சிரித்தார்கள். அறுந்து கிடந்த பெல்ட்டை இழுத்துக்கொண்டு வந்து அந்த ஜப்பான்காரன் முன்னால் போட்டாள். "துவான், தாலி புத்துஸ்! தாலி புத்துஸ்!" என்று கத்தினாள். மலாயில் தாலி என்றால் கயிறு, வார் எல்லாம்தான். புத்துஸ் என்றால் அறுந்தது, துவான் என்றால் ஐயா. அவன் கையை ஓங்கினான். அவள் நகரவில்லை. தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் குறுக்காகப் போட்டு, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துத் தேய்த்துக் காட்டினாள். தோல் சிவக்கும்வரை தேய்த்தாள். பிறகு பெல்ட் மெலிந்துபோயிருந்த இடத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் அதை விரலால் தடவிப் பார்த்தான். உள்ளே போய் மேலே தண்டைப் பார்த்தான், தனியாக ஓடிக்கொண்டிருந்த நேர் பெல்ட்டைப் பார்த்தான். அப்போதுதான் ராமையா அண்ணனுக்கும் வாய் வந்தது. அவரும் ஆமாம் துவான், ஆமாம் துவான் என்று கிட்டே போனார். ஜப்பான்காரன் என்னைப் பார்த்துக் கையைக் கீழே போடச் சொல்லிச் சைகை காட்டினான். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு கொட்டகைச் சுவர் ஓரம் போய்ப் பால் கொடுக்க உட்கார்ந்தேன்.

சாயங்காலத்துக்குள் பீப்பாய் இரண்டு பக்கமும் சுற்ற வேண்டும் என்று உத்தரவு. பல்சக்கரம் இரண்டைக் கோத்துவிட்டால் ஒன்று இப்படிப் போகையில் மற்றது அப்படித் திரும்பும், பெல்ட்டே வேண்டாம் என்று ராமையா அண்ணன் சொன்னார். ஆனால் பல்சக்கரத்துக்கு எங்கே போவது? அறுந்ததையே வெட்டி ஒட்டலாம் என்றால், தேய்ந்த பாகத்தை எடுத்துவிட்டால் நீளம் போதாது. நேர் பெல்ட்டைக் கழற்றிக் குறுக்காகப் போடலாம் என்றால் அதுவும் எட்டாது. குறுக்காகப் போவதற்குத்தான் அதிக நீளம் வேண்டும். கடைசியில் அந்தக் கிழிந்த சட்டைகளையே பட்டையாக வெட்டி, அடுக்கடுக்காக வைத்துத் தைத்து நடுவில் இணைப்பது என்று முடிவாயிற்று. நல்ல முரட்டுத் துணி. தனம் கோணி ஊசியை வாங்கி, தரையில் உட்கார்ந்து தைத்தாள். உடம்பில் சாக்கு, மடியில் குவியலாகத் துணி. அதில் ஒரு முழத்தை அவள் எடுத்துத் தன்மேல் போட்டுக்கொள்ள முடியாது. எடுத்தால் திருட்டு. அவள் தைத்து முடித்து, ராமையா அண்ணன் மாட்டி, பிடியை இழுத்தபோது பீப்பாய் முனகிக்கொண்டே எதிர்ப்பக்கம் திரும்பியது. ஜப்பான்காரன் நின்று பார்த்தான். குனிந்து, கை கிழிந்த ஒரு சட்டையைக் குவியலிலிருந்து எடுத்துத் தனத்தின்மேல் எறிந்தான். அதில் இரக்கம் இருந்ததா, அருவருப்பு இருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் அதை எடுத்துச் சாக்குக்கு மேலே போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டாள். அது முழங்காலுக்கும் கீழே தொங்கியது. அப்படியே உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். நான் சேலையோடு பின்னால் நடந்தேன். கொஞ்சம் தள்ளியே நடந்தேன்.

ஊர் என்ன பேசும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாக்கோடு உள்ளே போன பெண், பட்டாளத்துக்காரன் சட்டையோடு வெளியே வந்தாள். நாகம்மாக்கா நேராக நம் வீட்டுக்கு வந்தார்கள். கெட்டவர்கள் இல்லை. விசாரிக்கத்தான் வந்தார்கள். நான் சேலை கட்டியிருந்தேன். சட்டையும் சாக்குமாக இருந்த தனம் தட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"என்னமோ பேசிக்கிறாங்க. சாக்கோட போனாளாம், சோல்ஜர் சட்டையோட வந்தாளாம். நடுவுல என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டார்கள்.

"மிஷின் பெல்ட்டு அறுந்துபோச்சுக்கா. அவதான் தச்சுக் குடுத்தா. அதுக்குக் குடுத்தான் சட்டைய. நான் பக்கத்துலயே இருந்தேன்."

"இருந்திருப்ப. தாலி அறுந்துச்சுன்னு ரோட்டுல நின்னு கத்துனாளாமே, அவ வாயாலயே?"

"அது மலாய்க்கா."

"மலாயோ தமிழோ, கேட்டவங்க காதுல விழுந்தது அதுதானே. சரி, அத விடு. சாக்குல ஏன் போனா? ஒரு சேலைய எடுத்துச் சுத்திக்கிட்டுப் போகக் கூடாதா? ஊட்ல சேலையா இல்ல?"

இதோ, இந்த இடம்தான். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் இது ஒன்றுதான், இதை நான் கட்டியிருந்தேன், அதனால்தான் அவள் சாக்கில் வந்தாள் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். எனக்கு அந்தக் குடும்பத்தின் முன்னால் மானம் பெரிதாகப் பட்டது. சம்பந்தம் செய்யப்போகிற வீடு, நம்மை இவ்வளவு இல்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது என்று பட்டது.

"சேலையெல்லாம் இருக்குக்கா. அவசரத்துல அப்படியே ஓடிவந்துட்டா" என்றேன்.

நாகம்மாக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் சேலை இருந்தும் சாக்கோடு தெருவில் இறங்குகிற பெண் எப்படிப்பட்டவள் என்று அவர்கள் யோசித்திருப்பார்கள். யோசிக்கவைத்தது நான். மரவள்ளிக்கிழங்கு அவித்து வைத்திருந்தேன், தொடவில்லை. எழுந்து போய்விட்டார்கள். சில நாளில் பேச்சு முறிந்ததாக ஆள் சொல்லி அனுப்பினார்கள். தனத்திடம் நான் என்ன சொல்வது என்று தவித்துக்கொண்டு நின்றேன். அவள், "சரி அண்ணி, பையன் அழுவுறான் பாரு" என்று சொல்லிவிட்டு உன்னைத் தூக்கப் போனாள்.

அதற்குப் பிறகு கொட்டகையில் முழு நாளும் அவளே பிடியைப் பிடிக்கட்டும் என்று ஜப்பான்காரன் சொல்லிவிட்டான். அவளுக்குப் போட்டுக்கொள்ளச் சட்டை இருந்தது. சேலை முழுவதும் எனக்கு வந்தது. நீ சேலையைக் கட்டிக்கொள், நான் சட்டையைப் போட்டுக்கொள்கிறேன் என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜப்பான்காரன் போகும்வரை அவள் அந்தச் சட்டையோடுதான் காஜா பேராங்கில் நடந்தாள், அந்த அரிசிதான் உன்னை வளர்த்தது. உன் அப்பா வரவில்லை. கூடப் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்து, வழியிலேயே காய்ச்சலில் போய்விட்டார் என்று சொன்னார். நாகம்மாக்கா மகனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்தது. தனத்துக்கு யாரும் கேட்டு வரவில்லை. கேட்டு வரச் செய்யவேண்டியவள் நான். உன்னை வளர்க்க எனக்கு ஒரு துணை வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு சுயநலம் இருந்ததோ என்னவோ, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

உனக்குப் பேசியிருக்கும் பெண் அந்தக் கேள்வியைக் கேட்டுப் போன பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. நேற்றுக் காலையில் நாகம்மாக்காவைப் பார்க்கப் போனேன். அவர்களுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துக் கையை நீட்டினார்கள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஒற்றைச் சேலையை, பங்கு போட்ட வேலையை, அன்றைக்கு நான் சொன்ன பொய்யை. அவர்கள் கையை உருவிக்கொண்டார்கள். பிறகு, "அடிப் பாவி, இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றார்கள். "எங்க ஊட்ல எனக்கும் எம் மகளுக ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு சேலைதான். அன்னைக்கு உங்க ஊட்டுக்கு நான் கட்டிக்கிட்டு வந்தது அதுதான். அதுக ரெண்டும் சாக்கோட உள்ள கெடந்துச்சுக. எனக்கா புரியாம போயிருக்கும்?"

நான் எப்படி எழுந்து வந்தேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்தபோது தனம் பின்கட்டில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். நாகம்மாக்கா சொன்னதையும் அப்படியே சொன்னேன். நான் அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் உன் வாழ்க்கையே வேறாகியிருக்கும் தனம் என்று அழுதேன். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. எனக்கு அவள் முகம் தெரியவில்லை.

"அந்தம்மாவும் அன்னைக்குச் சொல்லலியே, அண்ணி" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் சேலை கட்டிக்கிட்டு ஒக்காந்து பேசுனீங்க. நான் தட்டிக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒருத்தியாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

தம்பி, உன் கல்யாணத்தில் உன் அப்பா உட்கார வேண்டிய இடத்தில் தனம் உட்காருவாள். கல்யாணம் ஆகாதவள், அங்கே உட்காரக் கூடாது என்று பெண் வீட்டிலோ நம் பக்கத்திலோ யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். நீ வாயைத் திறக்க வேண்டாம், உன் மனைவியும் சமாதானம் சொல்ல வேண்டாம். அத்தனை பேர் முன்னாலும் நான் எழுந்து நின்று சொல்கிறேன்.

உன் அம்மா